வீட்டுக்கு ஒரு வித்தை: மூன்று எழுத்தில் பாட்டு

போன வாரம் இந்தப் பக்கத்தில், மிக்ஸி பிளேடைக் கல் உப்புப் போட்டுத் தீட்டலாமா கூடாதா என்று எழுதப் போக, வந்த கடிதங்களில் பாதி என்னைத் திட்டின. மறு பாதி என்னைத் திட்டுபவர்களைத் திட்டின. ஆகவே இந்த வாரம் சமையலறைப் பக்கமே தலைகாட்டுவதாக இல்லை. நேரே கூடத்துக்கு வந்துவிடுகிறேன். அங்கே மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துணி போர்த்தி, அதன் தலையில் தஞ்சாவூர் பொம்மையையும் உட்கார வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் பற்றித்தான் பேச்சு.

"பையன் படிப்பு முடிந்து, மடியில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டரோடு பெங்களூர் போய்விட்டான். இந்தப் பெட்டி சும்மா தூசி தின்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

போடாதீர்கள், அம்மா. அது ஓர் அருமையான பாட்டுப் பெட்டி. அதைப் பாட வைக்க மவுஸ் வேண்டாம், படம் போட்ட பொத்தான்கள் வேண்டாம், கண்கூட வேண்டாம். ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், தேரடிக்கும் கடலுக்கும் நடுவில். பகலும் இரவும் எண்ணூர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். அதற்கு மேல் உப்புக் காற்று. ஜன்னல் கம்பி, சைக்கிள் மணி, தையல் மெஷின் சக்கரம் என்று எதையும் அந்தக் காற்று விட்டுவைப்பதில்லை. என் மாமியாருக்கு 81 வயது. காது வெகு கூர்மை. கண்தான் போய்விட்டது. 'கிளாக்கோமா' என்கிற கண் அழுத்த நோய் வலிக்காமல், சொல்லாமல், பார்வையை ஓரத்திலிருந்து உள்ளே அரித்துக்கொண்டு வந்து ஒருநாள் முழுவதையும் மூடிவிட்டது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். (நாற்பது வயது தாண்டியவர்கள் கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாமல், கண் அழுத்தத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு ஒருவர் போனாலும் எனக்குத் திருப்தி.)

கண் போனதைவிட அவரை வாட்டிய விஷயம் வேறு. எதற்கெடுத்தாலும் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்பதுதான். "ஏம்மா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் போடேன்" என்று ஒரு தடவை கேட்பார். நான் அடுப்படியில் கைவேலையாக இருந்தால், "இதோ வர்றேன் அத்தை" என்பேன். அந்த 'இதோ' சில நாள் அரை மணி நேரம் நீண்டுவிடும். மறுபடி கேட்க மாட்டார். செல்போனைக் கையில் கொடுத்துப் பார்த்தோம். அது வெறும் கண்ணாடித் தகடு; எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. விரலுக்கு அடையாளம் வேண்டாமா? "இதுல மூக்கும் இல்லே, முழியும் இல்லே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் கேட்க விரும்பியது பாட்டு மட்டும் அல்ல. என் மாமனாரின் குரல்.

மாமனார் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற உத்தியோகம். அப்போது குடும்பம் ராயபுரத்தில் இருந்தது. மூத்த பிள்ளை, அதாவது என் கணவரின் அண்ணா, குவைத்தில் வேலை பார்த்தார். வெளிநாட்டுக்கு டெலிபோனில் பேசுவது அன்று ஒரு குடும்பத்தின் மாதச் செலவைத் தின்கிற காரியம். அதனால் பலரும் செய்ததை இவர்களும் செய்தார்கள். காஸெட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்பினார்கள். 1986-ல் மாமனார் பேசி அனுப்பிய காஸெட் ஒன்று இருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த லட்சத்துக்கு மேற்பட்ட நம்மவர்கள் போட்டது போட்டபடி கிளம்பி, ஜோர்டானின் அம்மான் நகரம் வந்து, அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள் அல்லவா? அவர்களில் அண்ணாவும் ஒருவர். ஒரே ஒரு பை. அதில் இரண்டு சட்டை, பாஸ்போர்ட், இந்தக் காஸெட். மாமனார் 1994-ல் காலமானார். அவருடைய குரல் என்று உலகத்தில் இருப்பது அந்த ஒரு நாடாதான்.

அதைப் பாட வைக்கிற பெட்டியோ வீட்டில் இல்லை. காஸெட்டை ஃபிலிப்ஸ் கம்பெனியார் 1963-ல் பெர்லினில் ஒரு கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வீதம் ஓடும். இரும்புத் துரு போன்ற ஒரு பொடிதான் அதில் குரலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. எங்கள் ஊர்க் காற்றில் அது எத்தனை வருஷம் தாங்கும்? பயமாகிவிட்டது. உடனே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

இனிமேல் வித்தை.

கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க இரண்டு வழி உண்டு. கடையில் போய், "அதைக் கொடுங்க, அதுக்குப் பக்கத்துல இருக்கே அதைக் கொடுங்க" என்று கையை நீட்டி ஜாடை காட்டுவது ஒன்று. மவுஸும் படங்களும் அந்த ரகம். "கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் பெருங்காயம்" என்று வாய்விட்டுச் சொல்வது இன்னொன்று. அதுதான் கட்டளை. ஜாடை காட்டுவதற்குக் கண் வேண்டும், சொல்வதற்கு வேண்டாம். கம்ப்யூட்டர் பாடத் தொடங்கியதே இந்த இரண்டாவது வழியில்தான். 1957-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்து மாக்ஸ் மாத்யூஸ் என்பவர் ஒரு ராட்சசக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிக் கொடுத்து, 17 விநாடிக்கு அதைப் பாட வைத்தார். அப்போது மவுஸ் என்றால் எலிப்பொறி சமாசாரம் மட்டுமே.

உங்கள் பழைய பெட்டியில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கு அந்தக் கம்பெனியாரின் வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. காசு கேட்காத லினக்ஸைப் போட்டுக்கொள்ள இது நல்ல சாக்கு. உபுண்டு, மின்ட் என்று பல பெயர்களில் அது கிடைக்கிறது. நம் அரசாங்கத்தின் சி-டாக் நிறுவனம் சென்னையில் தயாரித்து 2007-ல் வெளியிட்ட 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்றும் உண்டு. இங்கிலீஷ் புத்தகம் படித்து யார் இதையெல்லாம் கற்றுக்கொள்வது என்று மலைக்காதீர்கள். 2012-ல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழில் இவ்விஷயங்கள் தமிழிலேயே வருகின்றன. அதில் எழுதும் து. நித்யா என்ற பெண்மணி, 'எளிய தமிழில்' என்று ஆரம்பிக்கும் தலைப்புகளில் வரிசையாகக் கம்ப்யூட்டர் புத்தகங்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறார். பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், பதில் பேசாமல் அதில் ஒன்றைத் திறந்து மேஜைமேல் வைத்துவிடுங்கள்.

லினக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், 'டி' மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். டெர்மினல் என்று பெயர். அதைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரு நடுக்கம் வருகிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரிதானே இருக்கிறது? அதில் 'ஸூடோ அப்ட் இன்ஸ்டால் எம்பிவி' என்று இங்கிலீஷ் சின்ன எழுத்துகளில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே இடம் விட்டுத் தட்டி, என்டர் அடியுங்கள். இரகசியச் சொல்லைக் கேட்கும். நீங்கள் தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழாமல் இருக்கலாம். கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து நான் முதல் நாள் பையனுக்கு டெலிபோன் செய்துவிட்டேன். கெடவில்லை, பக்கத்தில் நிற்பவருக்கு எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியக் கூடாது என்ற மரியாதைதான்.

'எம்பிவி' என்பது பாட்டுப் போடுகிற ஒரு சின்ன வேலையாள். 2000-ல் ஹங்கேரி தேசத்து இளைஞர் ஒருவர் தொடங்கிய 'எம்பிளேயர்' என்பதன் வம்சத்தில் வந்தது. எம், பி, வி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பாட்டின் பெயர், என்டர். அவ்வளவுதான், பாடும். சித்திரங்களும் பளபளப்பும் காட்டுகிற பெரிய பாட்டு நிரல்கள் திறப்பதற்குள் எங்கள் பழைய பெட்டி மூச்சு வாங்கும். இது என்டர் அடித்த கையோடு பாட ஆரம்பித்துவிடுகிறது. (ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு 'ஏஎஃப்ப்ளே' என்ற கட்டளை கூடவே வருகிறது. விண்டோஸிலேயே இருக்கப்போகிறவர்கள் அதன் கட்டளை ஜன்னலில் 'ஸ்டார்ட்' என்று எழுதிப் பாட்டின் பெயரைப் போடலாம்.)

பெயர் விஷயத்தில் மட்டும் கம்ப்யூட்டர் ஒரு முரட்டு வேலையாள். 'காலை பாட்டு' என்று நடுவே இடம் விட்டுப் பெயர் வைத்தீர்களானால், 'காலை' என்று ஒன்று, 'பாட்டு' என்று ஒன்று, ஆக இரண்டு பாட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்து, இரண்டுமே இல்லை என்று கையை விரிக்கும். மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். அல்லது இடமே விடாமல் பெயர் வைக்க வேண்டும். முழுப் பெயரையும் தட்டச் சோம்பலாக இருந்தால் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி 'டாப்' விசையை அழுத்துங்கள். மிச்சத்தை அதுவே முடித்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. எங்கள் ஊர் வடிவுடையம்மன் மேல் தியாகராஜ சுவாமிகள் பாடிய திருவொற்றியூர் பஞ்சரத்னம் இருக்கிறதே, கல்யாணி, பேகடை, ஆரபி, சாவேரி, சுத்த சாவேரி என்று ஐந்து ராகத்தில் ஐந்து கீர்த்தனைகள். அவற்றை ஒரு பெட்டியில் போட்டு, 'எம்பிவி' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தால், உள்ளே இருக்கிற அத்தனையும் வரிசையாகப் பாடும். ஐந்து வரை சரி. அதே நம்பிக்கையில் ஒரு கதாகாலட்சேபத்தின் 12 பாகங்களை 1, 2, 3 என்று எண் போட்டு வைத்தேன். முதல் பாகம் முடிந்ததும் பத்தாவது பாகத்துக்குத் தாவி, சீதா கல்யாணத்துக்கு முன்னாலேயே லங்கா தகனம் ஆகிவிட்டது! கம்ப்யூட்டர் எண்ணை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. ஒன்றில் ஆரம்பிக்கிறதெல்லாம் முதலில் என்று அதன் கணக்கு. 01, 02 என்று முன்னால் பூஜ்யம் போட்டால் சீதா தேவிக்குக் காலாகாலத்தில் கல்யாணம் நடக்கும்.

பாடிக்கொண்டிருக்கும்போது இடைவெளி விசையைத் தட்டினால் நிற்கும். மறுபடி தட்டினால் தொடரும். இடது அம்பு 5 விநாடி பின்னால் போகும், வலது அம்பு 5 விநாடி முன்னால். 9 சத்தத்தைக் குறைக்கும், 0 கூட்டும். பூஜ்யம் ஏன் கூட்டுகிறது என்று கேட்காதீர்கள். கீபோர்டில் அது 9-க்கு வலப்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான் நியாயம். 'க்யூ' என்றால் போதும் என்று அர்த்தம்.

சமையலறைக்கு வர மாட்டேன் என்று சொன்னேன். ஒரே ஒரு நிமிஷம். 'ஸ்லீப்' என்று எழுதி, இடம் விட்டு, '12எம்' என்று எழுதி, ஓர் அரைப்புள்ளி வைத்து, அப்புறம் 'எம்பிவி' என்றும் பாட்டின் பெயரும் எழுதி என்டர் அடித்துவிட்டு, இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றுங்கள். 12 நிமிஷம் தூங்கிவிட்டுத் தானே எழுந்து பாடும். பாட்டுக் கேட்டால் இட்லி வெந்தது என்று பொருள். எதிர் வீட்டில் ஒரு மீனவப் பெண் இருக்கிறார். விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்குப் போகிறவர். இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, இந்த மிஷினு மனுசாளை எழுப்புமா?" என்றார். 'எம்' என்பதற்குப் பதிலாக 'ஹெச்' போட்டால் மணிக் கணக்காகும். படுக்கும்போது '6ஹெச்' என்று எழுதிவிட்டால் ஆறு மணி நேரம் கழித்து எழுப்பும், கம்ப்யூட்டரை மட்டும் தூங்க விடாமல் வைத்திருந்தால்.

காஸெட்டுக்கு வருகிறேன். இங்கேதான் நான் ஒரு பெரிய தப்புப் பண்ணினேன்.

கல்மண்டபம் பக்கத்தில் பழைய ரேடியோ பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம், பெல்ட் மாற்றின ஒரு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கினேன். மேஜைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மூன்று சின்னத் துளைகள் இருக்கும். பச்சை, நாம் கேட்பதற்கு. இளஞ்சிவப்பு, மைக் செருக. நீலம், வெளிப் பெட்டியின் சத்தத்தை உள்ளே வாங்க. டேப் ரிக்கார்டரில் ஹெட்போன் செருகுகிற இடத்திலிருந்து நீலத் துளைக்கு ஒரு ஒயர். 'ஸாக்ஸ்' என்று ஒரு நிரல் உண்டு. அதனுடன் வருகிற 'ரெக்' என்ற கட்டளைதான் பதிவு செய்வது. 'ரெக்' என்று எழுதி, 'நைனா புள்ளி வேவ்' என்று பெயர் கொடுத்து, என்டர் அடித்து, காஸெட்டை ஓடவிட்டேன். எங்கள் வடசென்னைப் பக்கம் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவது. குவைத் அண்ணாவும் அப்படித்தான் கூப்பிடுவார். 60 நிமிஷக் காஸெட், ஒரு பக்கம் 30 நிமிஷம். அதை விரட்ட முடியாது. அது ஓடுகிறபடி ஓடும். நான் ஒயர் ஆடாமல் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதுதான் முதல் தப்பு. உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

பக்கம் முடிந்ததும் வந்து நிறுத்தினேன். காஸெட்டைத் திருப்பினேன். மறுபடி முழுக் கட்டளையையும் தட்டுவானேன்? மேல் அம்பு விசையை அழுத்தினால் போன கட்டளை அப்படியே வந்து நிற்கும். வெகு சௌகரியம். அழுத்தினேன், என்டர் அடித்தேன்.

அதே கட்டளை. அதே பெயர். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதே, அதை அழித்துவிடலாமா என்று அந்தப் புண்ணியவான் ஒரு வார்த்தை கேட்கவில்லை! முதல் பக்கத்தின் மேலேயே இரண்டாம் பக்கத்தை எழுதிவிட்டது. அரை மணி கழித்துப் போட்டுப் பார்க்கிறேன், மாமனாரைக் காணோம். ரேடியோவிலிருந்து பிடித்த சினிமாப் பாட்டுகள் வருகின்றன. இரண்டாம் பக்கத்தில் இருந்தது அதுதான்.

காஸெட்தான் இருக்கிறதே என்று தைரியம் செய்துகொண்டு மறுபடி முதல் பக்கத்தைப் போட்டேன். இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "தம்பி, சாப்டியா? அங்க வெயிலு எப்படி?" என்று தொடங்கினார் மாமனார். பின்னால் அடி பம்பு அடிக்கிற சத்தம். எங்கேயோ தூரத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. பதினோராவது நிமிஷத்தில், "இதோ உங்க அம்மா நிக்கிறா. ஏய், நீயும் ரெண்டு வார்த்தை பேசேன்" என்கிறார். அத்துடன் குரல் இழுத்து, முனகி, நின்றது. ஓடிப்போய்த் திறந்தால், புளியங்கொட்டை நிறத்தில் நாடா உருளைகளைச் சுற்றிக்கொண்டு கசங்கிக் கிடக்கிறது.

சகோதரிகளே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை. கல்மண்டபத்துப் பெரியவரிடம் அள்ளிக்கொண்டு போனேன். அவர் காஸெட்டின் திருகுகளைக் கழற்றி, நாடாவைப் பென்சிலால் சுற்றி எடுத்து, கசங்கிக் கிழிந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் பின்பக்கமாக ஒட்டிக் கொடுத்தார். "பத்து சென்டிமீட்டர்தான் போச்சும்மா" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு விநாடி.

மூன்றாம் முறை சரியாக ஏறியது. ஒட்டின இடத்தில் "...ரெண்டு வார்த்தை பேசேன்" என்கிறார், சின்ன 'டக்', உடனே மாமனார் வாய்விட்டுச் சிரிக்கிறார். நடுவே ஏதோ இருந்திருக்கிறது. முதல் தடவை அது முழுசாக, பழுதில்லாமல் கம்ப்யூட்டருக்குள் வந்திருந்தது. அப்போது நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன்.

நான் பட்டது நீங்கள் பட வேண்டாம். 'ரெக்' என்றதுமே, கழித்தல் குறி இரண்டு போட்டு, இடம் விடாமல் 'நோ', ஒரு கழித்தல் குறி, 'க்ளாபர்' என்று சேர்த்துவிட்டுப் பெயரைக் கொடுங்கள். பழையது இருந்தால் அழிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதும். பதிவு முடிந்ததும் செய்ய வேண்டியது இன்னொன்று. காஸெட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்குமே, அதை ஒடித்துவிட்டால் மேலே யாரும் ரிக்கார்டு செய்ய முடியாது, நினைவிருக்கிறதா? அதே பல் இங்கேயும் உண்டு. 'சிஹெச்மாட்' என்று எழுதி, இடம் விட்டு, கழித்தல் குறியும் 'டபிள்யூ'வும் போட்டு, இடம் விட்டுப் பெயரை எழுதினால் பல் ஒடிந்தாயிற்று. இத்துடன் ஒரு பிரதியை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். 'வேவ்' என்கிற ரகத்தில் ஒரு மணி நேரம் சுமார் 635 மெகாபைட் இடம் பிடிக்கும். எம்பி3 ஆக்கினால் 60-க்குள் அடங்கும். கேட்பதற்குச் சின்னதை வைத்துக்கொண்டு, பெரியதை அழிக்காமல் மூலமாகப் பாதுகாத்து வையுங்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் மாமியாரிடம் ஒப்புக்கொண்டேன். "அத்தை, ஒரு தப்புப் பண்ணிட்டேன். நடுவுல ரெண்டு விநாடி போயிடுச்சு" என்றேன். எங்கே என்று கேட்டார். "மாமா உங்களைப் பேசச் சொல்றாரே, அந்த இடத்துல." அவர் ஒன்றும் சொல்லவில்லை. "போட்டுக் காட்டு" என்றார். போட்டேன். பதினோரு நிமிஷமும் அசையாமல் கேட்டார். 'டக்' வந்தது. சிரிப்பு வந்தது. "சரி, இதை நானே போட்டுக்கிற மாதிரி பண்ணிக் கொடு" என்றார்.

பண்ணிக் கொடுத்தேன். உங்கள் கீபோர்டைத் தடவிப் பாருங்கள்; 'எஃப்', 'ஜே' இரண்டு விசைகளிலும் ஒரு சின்ன மேடு இருக்கும். பார்க்காமல் தட்டுபவர்கள் ஆள்காட்டி விரலை வைப்பதற்காக. வலது கை மேடு 'ஜே'. லினக்ஸில் நீளமான கட்டளைக்கு நாமே ஒரு செல்லப் பெயர் வைக்கலாம். அதற்கு 'அலையஸ்' என்று பெயர். வீட்டுப் பெட்டியில் 'பேஷ்ஆர்சி' என்று, புள்ளியில் ஆரம்பிக்கிற பெயரோடு ஒளிந்திருக்கும் குறிப்பேட்டில், 'ஜே' என்றால் மாமனார் பேச்சைப் போடு என்று எழுதிவைத்தேன். 1999-ல் நம் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகையில் அதே மேட்டு விசையில் இருக்கிற எழுத்து எது தெரியுமா? 'ப'. பாட்டுக்கு முதல் எழுத்து! செல்லப் பெயரைத் தமிழிலும் வைக்கலாம் என்பதால் 'ப' என்றாலும் அதே அர்த்தம் என்று இன்னொரு வரி சேர்த்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் கீபோர்டைத் தமிழில் விட்டுப் போனாலும் பாட்டிக்கு வேலை நடக்கும். (அந்தக் கறுப்பு ஜன்னலில் தமிழ் எழுத்துகள் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பது உண்டு. பார்க்கிற நமக்குத்தான் உறுத்தல்; மாமியாருக்கு என்ன?)

கம்ப்யூட்டர் விழித்ததும் கறுப்பு ஜன்னல் தானே திறக்கவும், 'ஈஸ்பீக்' என்கிற பேசும் நிரல் "தயார்" என்று தமிழில் சொல்லவும் ஏற்பாடு செய்தேன். அதன் உச்சரிப்பு மூக்கடைத்த தகர டப்பா மாதிரிதான். "யாரு இவன், ஜலதோஷக்காரன்?" என்று முதல் நாள் மாமியார் கேட்டார். இப்போது பழகிவிட்டது. 'க்யூ' விசைமேல் ஓர் ஒட்டுப் பொட்டு ஒட்டினேன், கல் வைத்த பொட்டாக, விரலுக்குத் தெரிகிறபடி. இடது பகர அடைப்புக்குறி விசைமேல் இன்னொன்று. அதை அழுத்தினால் பேச்சின் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும். குரல் மட்டும் தடித்துப் போகாமல் அவர் குரலாகவே இருக்கும். இந்த விசை மாமியாருக்கு வெகுவாகப் பிடித்துப்போயிற்று. "முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினேன், ஒரு நாளாவது நிதானமா பேசினாரா? இப்ப பேசட்டும்" என்று இரண்டு தடவை தட்டி விடுகிறார்.

தினம் சாயங்காலம் நாலு மணிக்குக் காபி முடிந்ததும் தானே எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்குப் போகிறார். என்னைக் கூப்பிடுவதில்லை. "தயார்" என்கிறது ஜலதோஷக்காரக் குரல். மேட்டு விசை, என்டர். மாமனார், "தம்பி, சாப்டியா?" என்று ஆரம்பிக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நான் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பதினோராவது நிமிஷம் வந்தது. "ஏய், நீயும் ரெண்டு வார்த்தை பேசேன்" என்றார் மாமனார். 'டக்' என்பதற்குச் சற்று முன்னால், "அய்ய, சோறு பொங்குது, நான் போறேன்" என்று மாமியாரின் குரல் கேட்டது. கம்ப்யூட்டரிலிருந்து அல்ல, நாற்காலியிலிருந்து. அதற்கு மாமனார் சிரித்தார்.